காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல்வயலில் நீரும் உரமும்

(கோலா கங்சாரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெல் சாகுபடியில் நீரையும் உரத்தையும் எப்படிக் கையாள்வது என்பதுதான் இன்று நான் பேசவேண்டிய பொருள். கூட்டத் தலைவர் இதை அறிவித்தபோதே சிலர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "கோலா கங்சாருக்கு வந்து நெல்லைப் பற்றிப் பேசுவதா? இது பால்மரத்து ஊராயிற்றே!" என்று நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். 1877இல் இந்த ஊரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம் காடு காடாகப் பெருகியதால்தான் நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி இங்கே வந்தார்கள். பால்மரம் நமக்குச் சோறு போட்டது என்று சொல்கிறோம். சரி, அந்தச் சோற்றை விளைவித்தது யார்?

தோட்டத்து லயங்களில் பொங்கிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் விளைந்தது. பால் வெட்டியது இங்கே, சோறு விளைந்தது அங்கே. கப்பல் வந்தவரைக்கும் கவலை இல்லை. கப்பல் நின்றதும் என்ன ஆயிற்று? ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அரிசிக்கு ஏங்கி மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? 2023ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது. கிலோ 2 ரிங்கிட் 60 காசு என்று விலை கட்டியிருந்த உள்ளூர் வெள்ளை அரிசி கடைத்தட்டுகளிலிருந்து காணாமல் போனது. பத்துக் கிலோ மூட்டை 26 ரிங்கிட்டுக்குக் கிடைக்காதா என்று எத்தனை கடை ஏறி இறங்கினோம்! ஆக, நெல் என்பது யாரோ ஒரு கம்பத்துக்காரரின் கவலை அன்று. நாள்தோறும் உலையில் அரிசி போடுகிற ஒவ்வொரு வீட்டின் கவலை.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பேராக் மாநிலம் ஈயத்துக்கும் ரப்பருக்கும் மட்டும் பேர் போனதன்று. நெல்லுக்கும் பேர் போனது. பட்டர்வொர்த்துக்கு ரயிலில் போனவர்கள், வண்டி ஓர் ஏரியின் நடுவே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் புக்கிட் மேரா. குராவ் ஆற்று நீரைத் தேக்கிக் கிரியான் சமவெளிக்குப் பாய்ச்ச 1906இல் முடித்த திட்டம் அது. மலாயாவில் அரசாங்கம் கட்டிய முதல் பெரிய பாசனத் திட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. இன்றும் பாகான் செராய், பாரிட் புந்தார் வட்டாரத்தில் ஏறக்குறைய 24,000 ஹெக்டர் வயல் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும், நெல் பயிரிட வந்து குடியேறிய தமிழர்களும் அந்தச் சமவெளியில் வாழ்ந்திருக்கிறார்கள். நெல்வயல் நமக்கு அந்நியமில்லை, ஐயா. மறந்துபோயிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் புக்கிட் மேராவுக்கும் தாகம் எடுக்கிறது. 2016இல் எல் நினோ வறட்சி வந்தபோது ஏரியின் நீர்மட்டம் அபாய அளவுக்கு இறங்கியது. இப்போது பேராக் ஆற்றிலிருந்து அங்கே தண்ணீர் கொண்டுபோவது பற்றிப் பேசுகிறார்கள். நெல்லுக்கும் வேண்டும், புதிதாக வரும் தொழிற்பேட்டைகளுக்கும் வேண்டும், ஊர்க் குழாய்களுக்கும் வேண்டும். எந்த ஆற்றின் தண்ணீர் அது? நம் ஊர் வழியாக ஓடும் ஆற்றின் தண்ணீர். அப்படியானால் கிரியானில் ஒரு விவசாயி மடையைத் திறப்பதும் மூடுவதும் கோலா கங்சாருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகுமா?

நான் இன்று வலியுறுத்த வந்த கருத்து ஒன்றே ஒன்று. நீரும் உரமும் இரண்டு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். தண்ணீர் கட்டுவது ஒருவர், உரம் வீசுவது இன்னொருவர். தண்ணீருக்கு ஓர் இலாகா, உரத்துக்கு ஓர் இலாகா. நெற்பயிருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. அதற்கு இரண்டும் ஒரே வேரின் வழியாகத்தான் போகின்றன. நீரை ஆளத் தெரிந்தவனுக்கே உரம் பலிக்கும். இதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

முதலில் ஓர் அரிசியின் கதையைக் கேளுங்கள்.

நம் வீடுகளில் விரும்பி வாங்குகிற அரிசி எது? பொன்னி! "தமிழ்நாட்டுப் பொன்னி, அசல் பொன்னி" என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார், நாமும் வாங்குகிறோம். காவிரிக்கே பொன்னி என்று பெயர் இருப்பதால், அந்த நெல் சோழநாட்டில் பிறந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அதன் தாய்வழி எங்கே இருக்கிறது தெரியுமா? இந்த மலாயா மண்ணில் இருக்கிறது!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசியா எங்கும் பசி. வயலுக்கு உரம் போட்டால் விளைச்சல் கூடும் என்று தெரியும். ஆனால் நம் பக்கத்து நெல் வகைகள் உயரமானவை. உரம் கூடினால் தழைத்து வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பான், தைவான் பக்கத்து நெல் வகைகளோ உரத்தைத் தாங்கி நின்று மணி பிடிக்கும். இரண்டையும் கலந்தால் என்ன என்று கேட்டவர்களில் முன்னோடி கே. இராமையா என்ற தமிழர். ஒடிசாவின் கட்டாக்கில் 1946இல் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவில் அங்கே அந்தக் கலப்புப் பணி நடந்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதனும் இளம் விஞ்ஞானியாக 1954இல் அந்தப் பணியில் சேர்ந்தார்.

அந்தத் திட்டத்தில் தைவானின் 'தைச்சுங் 65' என்ற நெல்லோடு மலாயாவின் 'மாயாங் ஏபோஸ் 80' என்ற நெல்லைச் சேர்த்தார்கள். அதன் வழிவந்த பயிர்களை இங்கே வளர்த்து, தேர்ந்தெடுத்து, 1965இல் வெளியிட்டார்கள். லங்காவிக் கதையின் நாயகி பெயரையே அதற்கு வைத்தார்கள்: மசூரி! அந்த மசூரி கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அங்கே பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986இல் வெளிவந்தது. இன்று அது மூட்டையில் ஏறி மறுபடியும் நம்மிடம் வருகிறது. மலாயா நெல், தைவான் நெல், தமிழ் விஞ்ஞானியின் யோசனை, ஒடிசாவின் வயல், காவிரித் தண்ணீர் எல்லாம் சேர்ந்த அரிசியைத்தான் நாம் வடித்துச் சாப்பிடுகிறோம்.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? பெருமைக்காகச் சொல்லவில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது. உரத்தைத் தாங்கும் நெல் வேண்டும் என்று தொடங்கிய முயற்சியில் பிறந்த இந்தப் பொன்னியே, உரம் அளவுக்கு மீறினால் சாய்ந்துவிடுகிற நெல்தான்! கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னிக்கு மற்ற உயர்விளைச்சல் வகைகளைவிடக் குறைவான தழைச்சத்தைத்தான் பரிந்துரைக்கிறது. அடுத்த வயல்காரர் நாலு மூட்டை போட்டார், நானும் நாலு மூட்டை போடுவேன் என்றால், அவருடைய பயிர் நிற்கும், உங்களுடைய பயிர் படுக்கும். ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு வயிறு இருக்கிறது. அந்த வயிற்றின் அளவு தெரியாமல் அள்ளிப் போடுவதற்குப் பெயர் சாகுபடியா?

சரி, உரம் என்றால் என்ன? பயிருக்கு முக்கியமாக மூன்று சத்து வேண்டும். தழையை வளர்க்கும் தழைச்சத்து, வேரையும் தூரையும் வலுப்படுத்தும் மணிச்சத்து, தண்டை உறுதியாக்கி மணியை நிறைக்கும் சாம்பல்சத்து. இந்த மூன்றில் நம்மை அதிகம் ஏமாற்றுவது தழைச்சத்து. யூரியா போட்ட சில நாளில் வயல் கரும்பச்சையாக மாறும். பார்க்கிறவர்கள், "ஆகா, என்ன பயிர்!" என்பார்கள். அந்தக் கரும்பச்சையைப் பார்த்து முதலில் மகிழ்கிறவன் விவசாயி. இரண்டாவதாக மகிழ்வது யார் தெரியுமா? புகையான் பூச்சி! இலை மென்மையாக, சாறு நிறைந்து இருப்பது அதற்குக் கொண்டாட்டம். குலைநோய்க்கும் அதே கொண்டாட்டம்தான். தழைச்சத்து மிஞ்சிய வயலில் பூச்சிமருந்துச் செலவும் மிஞ்சும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து. அதாவது 23 கிலோ. நீர் கட்டிய நெல்வயலில் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். ஆக, 23 கிலோவில் ஏழு முதல் ஒன்பது கிலோ பயிருக்குப் போகிறது. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது? காற்றில் போகிறது, வாய்க்காலில் போகிறது, மண்ணுக்கு அடியில் போகிறது. நம் பணம் ஆவியாகிறது, ஐயா!

எப்படிப் போகிறது? இங்கேதான் நீர் வருகிறது. வயலில் நாலு விரல் தண்ணீர் நிற்கும்போது யூரியாவை வீசினால், அது நீரில் கரைந்து அம்மோனியாவாக மாறுகிறது. நடுப்பகல் வெயிலில், பாசி படர்ந்த நீரில், அந்த அம்மோனியா காற்றோடு போய்விடும். தப்பித்து மண்ணின் மேல்படலத்துக்கு வந்த சத்து, அங்கே காற்றுப் பட்டு வேறு உருவம் எடுத்து, காற்றில்லாத அடிச்சேற்றுக்கு இறங்கினால், நுண்ணுயிர்கள் அதையும் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். வரப்பு உடைந்திருந்தாலோ, வீசிய அன்று மாலையே நம் பேராக் மழை கொட்டினாலோ, மிச்சமிருப்பதும் அடுத்தவர் வயலுக்கோ ஆற்றுக்கோ போய்ச்சேரும்.

இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித்தரவே வேண்டாம். செம்பனை வரிசைக்குள் உர வாளியைச் சுமந்து நடந்தவர்கள் நீங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு உரம் போடுவது நின்றுவிடும். ஏன்? போட்ட உரம் கானோடு போய்விடும் என்று தெரியும். மரத்தைச் சுற்றி, வேர் பிடிக்கும் இடம் பார்த்துத்தான் தூவுவீர்கள். வேர் இருக்கும் இடத்தில், வேர் வாங்கும் நேரத்தில், மழை அடித்துப் போகாத நாளில் போடவேண்டும் என்ற அந்த அறிவு உங்கள் கையிலேயே இருக்கிறது. நெல்லுக்கும் அதே அறிவுதான்.

நெல்வயலில் அதை எப்படிச் செய்வது? மூன்று காரியம் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் காரியம், தவணை. மணிச்சத்தை அடியுரமாகவோ முதல் தவணையிலோ கொடுத்துவிடலாம், அது மண்ணிலேயே நிற்கும். தழைச்சத்தை ஒரே நாளில் கொட்டக்கூடாது. ஒரு வாரத்துச் சோற்றைப் பச்சைப்பிள்ளைக்கு ஒரே வேளையில் ஊட்டுகிற தாய் உண்டா? நேரடி விதைப்பு நடக்கும் நம் நாட்டு வயல்களில், விதைத்த 15, 20 நாளில் ஒரு தவணை, தூர் வெடிக்கும் 35, 40 நாளில் ஒரு தவணை, கதிர் கருவாகும் 50, 55 நாளில் ஒரு தவணை, தேவைப்பட்டால் 70 நாளை ஒட்டி ஒன்று என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். கதிர் கருவாகும் தவணை மிக முக்கியம். ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அந்த நாள்களில் தீர்மானமாகிறது. அப்போது பட்டினி போட்டுவிட்டு, கதிர் வெளிவந்த பிறகு மூட்டை மூட்டையாக வீசினால் வைக்கோல்தான் பச்சையாகும், களஞ்சியம் நிறையாது.

இரண்டாவது காரியம், பயிரையே கேட்பது. நெல்லுக்கு வாய் இல்லை, ஆனால் இலை இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று ஓர் எளிய கருவி. கையகலப் பிளாஸ்டிக் பட்டையில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள். வாரம் ஒருமுறை காலை வேளையில், வயலில் பத்து இடத்தில், முழுதாக விரிந்த மேல் இலையை அதன்மேல் வைத்து, உடம்பின் நிழலில் பார்க்கவேண்டும். பத்தில் ஆறு இலை குறித்த நிறத்துக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து கொடு. இல்லையென்றால் கையை மடக்கு. தமிழ்நாட்டில் பொதுவான வகைகளுக்கு எல்லைக்கோடு எண் 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. பொன்னி வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதே என்று அந்த அட்டை சொல்கிறது. பஞ்சாங்கம் பார்த்துப் போடுவதைவிட, பயிரைப் பார்த்துப் போடுவது சிக்கனம்.

மூன்றாவது காரியம்தான் என் பேச்சின் உயிர். அது நீர்.

நெல் நீர்த்தாவரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நெல் தண்ணீரில் வாழத் தெரிந்த பயிர், தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கவேண்டிய பயிர் இல்லை. ஒரு கிலோ நெல்லுக்கு, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பயிர் குடிப்பது ஒரு பங்குதான். மீதி வெயிலில் ஆவியாகிறது, அடிமண்ணில் இறங்குகிறது, வரப்பில் கசிகிறது. பிறகு ஏன் நீரைக் கட்டி வைக்கிறோம்? களை முளைக்காமலிருக்க! ஆக, காவல்காரனுக்குக் கொடுக்கிற கூலி பயிருக்குக் கொடுக்கிற கூலியைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

தஞ்சாவூர் விவசாயியைக் கேட்டால், "காய்ச்சலும் பாய்ச்சலுமா விடணும்" என்பார். கொஞ்சம் காயவிடு, பிறகு பாய்ச்சு. இதையே பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அளவெடுத்து முறைப்படுத்தியிருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு குழாய். ஓர் அடி நீளம், பக்கமெல்லாம் துளை. பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடு. வயல் மேலே காய்ந்தாலும், மண்ணுக்குள் நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது குழாய்க்குள் தெரியும். நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும்வரை மடையைத் திறக்கவேண்டாம். இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சு. பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவிடாதே. இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் 15 முதல் 30 விழுக்காடு வரை தண்ணீர் மிஞ்சுகிறது. நீர் தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் ஏறக்குறைய பாதியாகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்! உரத்தை எப்போது போடுவது? காய்ச்சலின் முடிவில், அடுத்த பாய்ச்சலுக்குச் சற்று முன்னால்! நீர் வடிந்த மண்ணில் யூரியா விழுகிறது. அதன்மேல் தண்ணீர் வருகிறது. வருகிற தண்ணீர் உரத்தை வேருக்கு இறக்கிவிடுகிறது. காற்றில் போகவிருந்த சத்து மண்ணுக்குள் போகிறது. பிறகு வரப்பை அடைத்துச் சில நாள் நீரை நிறுத்தி வை. கூடுதலாக ஒரு காசு செலவில்லை. மடையைத் திறக்கும் நாளையும் உர வாளியைத் தூக்கும் நாளையும் ஒன்றாக முடிபோட்டாயிற்று, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் போடுவார்கள். சத்து மெல்ல மெல்லக் கரையும். இந்தியாவில் 2015 முதல் ஆலையிலேயே வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் பெரும்பாலும் விற்கிறது.

"இவ்வளவு சுலபமென்றால் எல்லாரும் செய்வார்களே?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. நம் நாட்டில் பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, நேராக விதைக்கிறார்கள். ஆகவே களைநெல் பெரிய தொல்லை. 'பாடி ஆங்கின்' என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். முளைத்த முதல் வாரங்களில் வயலைக் காயவிட்டால் களைநெல் கொண்டாட்டமாக முளைத்துக்கொள்ளும். அதனால் தொடக்கத்தில் நீர் நிற்கட்டும், பயிர் வயலை மூடிய பிறகு காய்ச்சலைத் தொடங்கலாம். மணற்பாங்கான மண்ணில் நீர் விரைந்து இறங்கும், அங்கே இந்த முறை அவ்வளவு பலிக்காது. மண் பார்த்து, நெல் பார்த்து, பருவம் பார்த்துத்தான் எதையும் செய்யவேண்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது மனிதத் தடை! என் வயலுக்கு வேண்டிய நாளில் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தால்தானே நான் வயலைக் காயவிடுவேன்? வருமோ வராதோ என்ற பயம் இருந்தால், வந்த நாளிலேயே வரப்பு முட்டக் கட்டி வைப்பேன். தலைமடைக்காரன் பயந்து கட்டி வைத்தால் கடைமடைக்காரனுக்கு வாய்க்கால் வறண்டு கிடக்கும். அவன் கதிர் கருவாகும் நாளில் உரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருப்பான். தண்ணீர் வரும்போது பருவம் போய்விட்டிருக்கும். பாருங்கள், தலைமடையில் மிஞ்சிய நீர் அங்கேயும் உரத்தைக் கெடுத்தது, கடைமடையிலும் உரத்தைக் கெடுத்தது! பழைய தமிழ்நாட்டில் இதற்காகவே நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். யாருக்கு எப்போது எவ்வளவு என்று பிரித்துவிடுவது அவர் வேலை. அறுவடையில் ஊரே அவருக்குக் கூலி அளந்தது. இங்கே அந்த வேலையை 1932இல் தொடங்கிய வடிகால் நீர்ப்பாசன இலாகா செய்கிறது. இலாகா தண்ணீரை வாய்க்கால்வரை கொண்டுவரலாம். வாய்க்காலிலிருந்து வயலுக்குள் முறைவைத்து விடுவதற்கு அண்டைவீட்டார் ஒருவரையொருவர் நம்பவேண்டும். எந்தக் குழாயும் எந்த அட்டையும் அந்த நம்பிக்கைக்கு ஈடாகாது.

நண்பர்களே, உரத்தின் தீமையைப் பற்றிப் பேசும்போது ஒரு கூட்டம் எழுந்து, "அப்படியானால் இரசாயன உரமே வேண்டாம், இன்றோடு நிறுத்துவோம்!" என்று முழங்கும். இலங்கையைப் பாருங்கள். 2021 மே மாதம் அந்த நாட்டு அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மண்ணுக்கு மாற்று உரம் தயாராகவில்லை, விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விவசாயிகள் வெறுங்கையோடு பெரும்போக வயலில் நின்றார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பருவம் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் சரிந்தது, அரிசியை இறக்குமதி செய்யவேண்டி வந்தது.

மறுபக்கம் இந்தியாவைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 267 ரூபாய்தான், அரசாங்கம் அவ்வளவு மானியம் கொடுக்கிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதைவிடப் பலமடங்கு விலை. விவசாயி என்ன செய்வார்? மலிவானதை அள்ளிப் போடுகிறார், விலை கூடியதைக் கிள்ளிப் போடுகிறார். மண்ணின் சமநிலை கெடுகிறது. நம் நாட்டிலும் நெல் விவசாயிகளுக்கு மானிய உரம் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கிறது. அது நல்ல காரியம், வேண்டிய காரியம். ஆனால் ஹெக்டருக்கு இத்தனை மூட்டை என்று எல்லார்க்கும் ஒரே கணக்கில் வருகிறது. எல்லா மண்ணும் ஒரே மண்ணா? இலங்கை ஒரே நாளில் உரத்தை நிறுத்திக் கெட்டது. அளவில்லாமல் போட்டும் மண் கெடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதைக்குப் பெயர்தான் அளவறிந்து இடுதல்.

அந்தப் பாதையில் தொழுவுரத்துக்கும் பசுந்தாளுக்கும் இடம் உண்டு. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும், மண் மிருதுவாகும். வைக்கோலை எரிக்காதீர்கள் என்று கிரியானில் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். பயிர் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. அதை மக்கவைத்து மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தால் அடுத்த போகத்துக்கு உரச்செலவு குறையும். புகையும் குறையும்.

வள்ளுவப் பெருந்தகை உழவு அதிகாரத்தில் ஏரோட்டுவது, எருவிடுவது, களையெடுப்பது, நீர் பாய்ச்சுவது, பயிரைக் காப்பது என்று ஐந்து வேலையையும் ஒரே குறளுக்குள் அடக்கிவைத்தார். ஒன்றைவிட இன்னொன்று நல்லது என்று தராசில் நிறுத்தும்போதே, ஒன்றில்லாமல் இன்னொன்று பலிக்காது என்பதையும் உணர்த்திவிட்டார். எருவையும் நீரையும் தனித்தனி இலாகாவாக அவர் பிரிக்கவில்லை!

என் நேரம் முடிகிறது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

இளைஞர்களே, உங்களுக்கு முதல் வேண்டுகோள். விவசாயப் படிப்பை ஏளனமாகப் பார்க்காதீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறினால் போதும், மண் பக்கமே திரும்பக்கூடாது என்று நம் பெற்றோர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் பட்ட பாடு அப்படி. இன்றைய விவசாயமோ மண் சோதனையும் கணினியும் டிரோனும் கலந்த தொழில். 1969 முதல் இயங்கும் மார்டி என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நெல் வகைகளை உருவாக்குகிறவர்கள் வரிசையில் நம் பிள்ளைகள் பெயரும் வரட்டும். இராமையா என்ற தமிழர் ஒரு கண்டத்தின் நெல்லுக்கே வழிகாட்டினார் என்றால், கோலா கங்சார்ப் பிள்ளையால் முடியாதா?

நிலம் வைத்திருப்பவர்களே, குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களே, இரண்டாவது வேண்டுகோள் உங்களுக்கு. அடுத்த போகத்தில் முழு வயலையும் மாற்றவேண்டாம். ஒரே ஒரு பாத்தியில் குழாயைப் புதையுங்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள், பாய்ச்சலுக்கு முன் உரம் போடுங்கள். மற்ற வயலோடு ஒப்பிட்டுக் கணக்கு எழுதுங்கள். மூட்டை எத்தனை, மடை திறந்தது எத்தனை முறை, விளைந்தது எவ்வளவு? உங்கள் கணக்கு உங்களுக்குச் சொல்லட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் நம் அனைவருக்கும். பேராக் ஆற்றுத் தண்ணீரை யார் யாருக்குப் பிரிப்பது என்ற முடிவு வரும் ஆண்டுகளில் எடுக்கப்படும். ஆலைக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, நெல்லுக்கு எவ்வளவு என்று பேச்சு நடக்கும். அப்போது, "நெல் தண்ணீரை வீணடிக்கிறது, அதன் பங்கைக் குறை" என்று ஒரு குரல் எழும். "நெல்லுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது" என்று இன்னொரு குரல் எழும். இரண்டுமே கணக்குத் தெரியாத குரல்கள். சிக்கனமாகப் பாய்ச்சுகிற விவசாயிக்கு உறுதியாகத் தண்ணீர் கிடைக்கவேண்டும், உறுதியாகக் கிடைத்தால்தான் அவர் சிக்கனமாகப் பாய்ச்சுவார் என்று எடுத்துச்சொல்லுங்கள். கூட்டங்களில் பேசுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆற்றங்கரையில் வாழ்கிற நாம் ஆற்று நீரின் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது நம் கடமை. அந்தக் கடமையைச் செய்வோம்.